புட்டும் மச்சமில்லாக் கறியும்

சிட்னி மாநகரின் மேற்குப் பகுதியிலே, நார்த்மீட், வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், துங்காபி முதலிய ஊர்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலே, வார நாட்களின் காலையுணவு பெரும்பாலும் பாணும் பாலில் நனைத்த தானியமுமாகவே முடிந்துவிடுகின்றது. விடுமுறை நாளின் காலையில்தான் அடுக்களையில் நீராவி எழுகின்றது, புட்டு அவிகின்றது. அந்தப் புட்டுடன் முதல்நாள் சமைத்து மிஞ்சிய இறைச்சிக் கறியோ மீன் குழம்போ சேரும்போது, யாழ்ப்பாணத்திற் பிறந்த பெற்றோருக்கு ஊர் நினைவு வருகின்றது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த மணமே வீட்டின் மணமாகி விடுகின்றது.

ஆயினும், ஒரே மேசையைச் சுற்றி அமர்வோர் எல்லோரும் ஒரே கறியை உண்பதில்லை. பாட்டனாரும் பாட்டியாரும் வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், கந்தசட்டிக் காலத்திலும் மச்சம் தொடமாட்டார்கள். அண்மைக் காலத்தில், உயிர்களிடத்து இரக்கத்தாலும் சுற்றுச்சூழல் பற்றிய அக்கறையாலும் பள்ளி மாணவர் சிலர் தாமாகவே புலாலை விட்டுவிடுகின்றனர். அவர்களுக்குப் புட்டின்மேல் வெறும் சீனியைத் தூவிக் கொடுத்தால் வயிறு நிறையலாம். ஆனால், மற்றவர் கறியை ருசித்து உண்ணும்போது அவர்கள் மட்டும் விருந்திற்கு அழைக்கப்படாதவர் போல் இருக்கநேரிடும். எல்லோரும் ஒரு சட்டியிலிருந்து பகிர்ந்துண்ணத் தக்க, மச்சக் கறிக்கு ஈடான ஒரு சைவக் கறியை ஆக்க இயலுமா? இயலும். எவ்வாறு இயலும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

முதலில் மாணவர்கள் சில சொற்களை அறிந்துகொள்ளுதல் நன்று. இறைச்சியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் ஊன், புலால் என்பன. 'மச்சம்' என்பது மீனைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. யாழ்ப்பாணத்தில் அது பொருள் விரிந்து, மீன், இறைச்சி, முட்டை ஆகிய அனைத்தையும் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டில் இதனையே 'அசைவம்' என்பர்.

'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். அது மரக்கறி உணவுக்கும் பெயரானமை தமிழ்மொழியில் நாம் காணும் ஒரு சிறப்பு. திருவள்ளுவர் தமது நூலின் 26ஆம் அதிகாரத்தைப் 'புலால் மறுத்தல்' என்றே அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஆறுமுக நாவலர் (1822–1879) தாம் எழுதிய சைவ நூல்களிலும் பாட நூல்களிலும் புலாலுண்ணாமையை வலியுறுத்தினார். ஊரில் பல வீடுகளில் சைவச் சமையலுக்குத் தனிச் சட்டியும் தனி அகப்பையும் வைத்திருந்தமைக்கு இத்தகைய மரபே காரணம்.

புட்டு பிறப்பால் சைவம்

புட்டு என்னும் உணவில் மச்சம் எதுவும் இல்லை. மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் நீருமே அதன் உறுப்புகள். திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலத்திலே, வந்தி என்னும் மூதாட்டியின் பிட்டைக் கூலியாகப் பெற்றுச் சிவபெருமான் வைகைக் கரைக்கு மண் சுமந்த வரலாறு கூறப்படுகின்றது. மதுரையில் ஆவணி மூல நாளில் இன்றும் புட்டுத் திருவிழா நடைபெறுகின்றது. கேரளத்தில் புட்டுக்குக் கடலைக் கறி சிறந்த துணையாகக் கருதப்படுகின்றது. ஆகவே, மாற்றவேண்டியது புட்டை அன்று. அதனோடு சேரும் கறியையும் சம்பலையுமே.

இறைச்சிக் கறியின் சுவை எங்கிருந்து வருகின்றது?

ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைச் செய்ய விரும்புவோர், முதலாவது பொருள் எதனால் சிறப்புற்றது என்பதை ஆராயவேண்டும். இறைச்சிக் கறியின் சுவையை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, மணம். மல்லி, மிளகு, செத்தல் மிளகாய், நற்சீரகம், பெருஞ்சீரகம், கறுவா, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை, ரம்பை ஆகியனவே கறியின் மணத்திற் பெரும்பகுதியைத் தருகின்றன. இவை யாவும் தாவரப் பொருட்கள். எனவே, நாம் 'இறைச்சிக் கறி மணக்கின்றது' என்று கூறும்போது, உண்மையில் மணப்பது பெரும்பாலும் சரக்குத் தூளே ஆகும்.

இரண்டாவது, வறுபடுதலால் உண்டாகும் சுவை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் மிகுந்த வெப்பத்தில் ஒன்றுசேரும்போது பொன்னிறமும் புதிய மணமும் தோன்றுகின்றன. இதனை 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் விளக்கினார். பாணின் மேலோடு, வறுத்த கோப்பிக் கொட்டை, பொரித்த வெங்காயம் ஆகியவற்றின் மணம் எல்லாம் இவ்வகையினதே. நீர் நிறைந்த சட்டியில் இம்மாற்றம் நன்கு நிகழாது. பொருளின் மேற்பரப்பு உலர்ந்து, எண்ணெயில் வதங்கும்போதே நிகழும்.

மூன்றாவது, நாவில் நெடுநேரம் தங்கும் ஆழ்ந்த சுவை. இதனைப் பற்றிக் கீழே தனியாகக் கூறுவோம்.

நான்காவது, மெல்லும் தன்மையும் குழம்பின் தடிப்பும். இறைச்சியின் நார்கள் பல்லுக்கு வேலை கொடுக்கின்றன. எலும்பையும் தசையையும் பிணைக்கும் பகுதி நெடுநேரம் வேகும்போது ஜெலற்றினாக மாறிக் குழம்பைத் தடிக்கச் செய்கின்றது.

மாசிக் கருவாடும் உலர்ந்த காளானும்

1908ஆம் ஆண்டில் தோக்கியோவில் இக்கேடா கிக்குனே என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு எனப்படும் கடற்பாசியில் இட்ட சாற்றின் சுவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்பவற்றுள் அடங்காததை உணர்ந்து ஆராய்ந்தார். அதற்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் எனக் கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் கொடாமா ஷிந்தாரோ, உலர்த்திய சூரை மீனில் அச்சுவையைத் தரும் வேறொரு பொருளைக் கண்டறிந்தார். அது இனோசினேற்று ஆகும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நம் சம்பலில் இடும் மாசிக் கருவாடும் பெரும்பாலும் அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவது. யப்பானியர் தம் சாற்றில் இடுவதும், மாலைதீவினரிடமிருந்து நாம் பெற்றதும் ஒரே இனத்துப் பொருளே. வேதியியல் அறியாத நம் முன்னோர், ஒரு சிட்டிகை மாசி சேர்த்தால் சம்பல் முழுவதும் சுவை பெறும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

அப்படியாயின் மாசியை நீக்கினால் அதன் இடத்தை எது நிரப்பும்? 1957ஆம் ஆண்டில் குனினாகா அக்கீரா என்பவர் குவானிலேற்று என்னும் மூன்றாவது பொருளும் இச்சுவையைத் தருவதைக் கண்டார். அது ஷிட்டாக்கே எனப்படும் உலர்ந்த காளானில் மிகுதியாக உள்ளது. குளுட்டாமேற்றும் இவ்வகைப் பொருளும் ஒன்றுசேரும்போது, சுவை கூட்டற் கணக்கில் அன்றிப் பெருக்கற் கணக்கில் மிகுகின்றது என்பதும் அவருடைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பழுத்த தக்காளியில் குளுட்டாமேற்று உண்டு. உலர்ந்த காளானில் குவானிலேற்று உண்டு. ஆகவே, தக்காளியையும் உலர்ந்த காளானையும் ஒரே சட்டியில் சேர்த்தால், மீனும் இறைச்சியும் இன்றியே அந்த ஆழ்ந்த சுவையைப் பெறலாம். சிட்னியின் சீனக் கடைகள் அனைத்திலும் இக்காளான் கிடைக்கின்றது. காட்டிலும் புல்வெளியிலும் முளைக்கும் காளானைப் பறித்துச் சமைத்தல் ஒருபோதும் ஆகாது. ஆஸ்திரேலியாவில் உயிரைப் போக்கும் நச்சுக் காளான்களும் உண்டு.

மெல்லுவதற்கு எதனைச் சேர்ப்பது?

இலங்கையில் 'சோயா இறைச்சி' என்று பொதியிலிட்டு விற்கப்படும் பொருளை நாம் யாவரும் அறிவோம். பெயரில் இறைச்சி இருப்பினும் பொருளில் இல்லை. சோயா அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் மாவை நீருடன் பிசைந்து, மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உள்ள இயந்திரத்தினூடே செலுத்துகின்றனர். சிறிய துவாரத்தின் வழியே அது வெளிப்படும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாக விரிந்து, பஞ்சுபோன்ற துளைகளையும் நார் போன்ற அமைப்பையும் உண்டாக்குகின்றது. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1960களில் இம்முறையை வளர்த்தது. உலர்ந்த நிலையில் இதன் எடையிற் பாதியளவு புரதமாகும்.

பிஞ்சுப் பலாக்காய் மற்றொரு நல்ல பொருள். அது வெந்தபின் நார்நாராகப் பிரியும். உப்பு நீரில் இட்டுத் தகரத்தில் அடைத்த பலாக்காய் இங்குள்ள நம்மவர் கடைகளில் கிடைக்கின்றது. ஆனால் அதிற் புரதம் மிகக் குறைவு. எனவே பலாக்காய்க் கறி சமைக்கும் நாளில், பருப்போ கடலையோ உடன் இருத்தல் வேண்டும்.

இறைச்சியைப் போன்ற மரக்கறியை ஆக்கும் எண்ணம் இன்று தோன்றிய புதுமை அன்று. சீனத்துப் பௌத்த மடங்களில் சோயாக் கட்டியையும் கோதுமைப் பசையத்தையும் கொண்டு இத்தகைய உணவு ஆக்குதல் நெடுங்கால வழக்கம். நாம் வாழும் இந்நாட்டிலும், ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினர் 1898ஆம் ஆண்டில் மெல்போர்னில் சனிற்றேரியம் உணவு நிறுவனத்தைத் தொடங்கி, புலாலற்ற உணவுகளை விற்று வந்துள்ளனர். நம் பிள்ளைகள் காலையில் உண்ணும் வீற்பிக்ஸ் அந்நிறுவனத்தின் உணவே.

செய்முறை

நால்வருக்குப் போதுமான அளவு கீழே தரப்படுகின்றது.

கறிக்கு: உலர்ந்த சோயாத் துண்டுகள் 100 கிராம், உலர்ந்த ஷிட்டாக்கே காளான் 4, புதிய காளான் 200 கிராம், பெரிய வெங்காயம் 2, பழுத்த தக்காளி 2, உள்ளி 6 பல், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் 2, யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, கறுவா ஒரு துண்டு, ஏலம் 2, கராம்பு 2, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை, தடித்த தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, தேசிக்காய் பாதி.

1. உலர்ந்த காளானை முதல்நாள் இரவே ஒன்றரைக் கோப்பைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிடலாகாது. சுவையிற் பெரும்பகுதி அந்நீரில்தான் இறங்கியிருக்கும். மண் அடியில் தங்கியிருந்தால் வடித்துக் கொள்ளலாம். காளானின் காம்பை நீக்கி, சிறிதாக அரிந்து வைக்கவும்.

2. சோயாத் துண்டுகளை உப்பிட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, குளிர்ந்த நீரில் இருமுறை அலசி, கைகளால் நன்கு பிழிய வேண்டும். பிழியாவிட்டால் அவரையின் பச்சை வாடை நீங்காது. கறிச்சாற்றை உறிஞ்சுவதற்கும் துண்டுகளின் உள்ளே இடம் இராது. சோயாக் கறி சுவைக்கவில்லை என்போர் பலர் தவறவிடும் படி இதுவே.

3. அகன்ற சட்டியில் பாதி எண்ணெயைக் காயவைத்து, சோயாத் துண்டுகளை ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்கி எடுத்துவைக்கவும். பின்னர் புதிய காளானை அதே சட்டியில் வதக்கவும். காளான் முதலில் நீர் விடும். அந்நீர் வற்றிச் சிவக்கும்வரை பொறுத்தல் வேண்டும். சட்டியை நெருக்கமாக நிரப்பினால் காளான் வதங்காது, அவிந்துவிடும்.

4. மீதி எண்ணெயில் பெருஞ்சீரகம், கறுவா, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றைத் தாளித்து, வெங்காயத்தைச் சிவக்க வதக்கவும். உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்க்கவும். தக்காளியை இட்டு, அது குழைந்து எண்ணெய் பிரியும்வரை கிளறவும். மிளகாய்த்தூளை இட்டு அரை நிமிடம் பிரட்டவும்.

5. காளான் ஊறிய நீர், அரிந்த காளான், சோயாத் துண்டுகள், வதக்கிய காளான், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, மூடி, சிறு தீயில் 20 நிமிடம் வேகவிடவும். இறுதியில் தேங்காய்ப்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கவும். இறைச்சியின் ஜெலற்றின் தரும் தடிப்பைத் தேங்காய்ப்பாலும் குழைந்த தக்காளியும் ஈடுசெய்யும். சூடு சற்றுத் தணிந்தபின் தேசிப்புளி விடவும்.

இக்கறியை முதல்நாள் மாலையிலேயே ஆக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் சாலச் சிறந்தது. இரவு முழுவதும் துண்டுகளினுள் சாறு ஊறும். மறுநாட் காலையில் நன்கு கொதிக்கவைத்துப் பரிமாறலாம்.

புட்டுக்கு: வறுத்த சிவப்பரிசி மா 2 கோப்பை, அவித்து அரித்த கோதுமை மா 1 கோப்பை, தேங்காய்ப்பூ 1 கோப்பை, உப்பு, சுடுநீர் தேவையான அளவு. மாவில் உப்பிட்டுச் சுடுநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, பின் சுண்டின் விளிம்பால் சிறு மணிகளாகக் கொத்தவும். கையிற் பிடித்தால் சேரவும், விட்டால் உதிரவும் வேண்டும். தேங்காய்ப்பூ கலந்து நீற்றுப்பெட்டியிலோ புட்டுக்குழலிலோ இட்டு, ஆவி மேலே வந்தபின் 10 நிமிடம் அவிக்கவும். பனையோலை நீற்றுப்பெட்டி இல்லாதோர், துளையிட்ட தட்டில் துணி விரித்தும் அவிக்கலாம்.

சம்பலுக்கு: செத்தல் மிளகாய் 5, சின்ன வெங்காயம் 6, தேங்காய்ப்பூ 1 கோப்பை, உப்பு, தேசிப்புளி. மாசிக்குப் பதிலாக, உலர்ந்த ஷிட்டாக்கே காளான் ஒன்றை வெறுஞ்சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடித்துச் சேர்த்து இடிக்கவும்.

விரத நாட்களில் வெங்காயம், உள்ளி, காளான் ஆகியவற்றையும் விலக்குவோர் உளர். அவர்களுக்கு இக்கறி பொருந்தாது. கொண்டைக்கடலையும் வாழைக்காயும் சேர்த்து, இஞ்சி, மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றால் மணமூட்டி, தக்காளியும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தனியே ஒரு கறி ஆக்கிக் கொடுப்பதே முறையாகும்.

உடல்நலம் பற்றிச் சில குறிப்புகள்

பிள்ளை இறைச்சியை விட்டால் வளர்ச்சி குன்றுமோ எனப் பெற்றோர் அஞ்சுதல் இயல்பு. மேற்கூறிய அளவின்படி, சோயாவிலிருந்து மட்டும் ஒருவருக்கு ஏறத்தாழ 12 கிராம் புரதம் கிடைக்கும். அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அவரை, பருப்பு வகைகளில் அது மிகுதி. ஆகவே, அரிசிப் புட்டும் சோயாக் கறியும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து, இறைச்சியிலுள்ளதைப் போல் எளிதில் உடலிற் சேர்வதில்லை. உயிர்ச்சத்து சி உடன் இருப்பின் அது நன்கு சேரும். தேசிப்புளியைக் கறி சற்று ஆறியபின் விடச் சொன்னமைக்கு இதுவும் ஒரு காரணம். கொதிக்கும் சட்டியில் அச்சத்து குறைந்துவிடும். தேநீர் இரும்புச்சத்தைத் தடுப்பதால், உணவுடன் தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நன்று.

கவனிக்கவேண்டிய முக்கியமான சத்து உயிர்ச்சத்து பி12. தாவர உணவுகளிலிருந்து அதனை நம்பத்தக்க அளவிற் பெற இயலாது. பால், தயிர் உண்போருக்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விலக்குவோர், அச்சத்துச் சேர்க்கப்பட்ட உணவையோ மாத்திரையையோ கட்டாயம் கொள்ளவேண்டும். உடலில் அதன் சேமிப்பு சில ஆண்டுகள் நிலைக்கக்கூடும் என்பதால், குறைபாடு உடனே தெரிவதில்லை. பின்னர் இரத்தத்தையும் நரம்புகளையும் தாக்கும். புலாலை விட்ட பிள்ளையைக் கடிந்துகொள்வதைவிட, குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஆலோசனை பெறுதலே அறிவுடைமை. சோயாவும் கோதுமையும் சிலருக்கு ஒவ்வாமை தருவன என்பதையும், விருந்தினரை அழைக்கும்போது நினைவிற் கொள்ளவேண்டும்.

உண்போரின் நம்பிக்கை

சைவக் கறி ஆக்குவோர் காக்கவேண்டிய ஒரு நெறி உண்டு. கடையில் வாங்கும் சம்பலில் மாசி இருக்கலாம். சீனக் கடைச் சுவைச்சாறுகளில் சிப்பியோ மீனோ சேர்ந்திருக்கலாம். சோயாப் பொதியோடு வரும் சுவைத்தூளில் கோழிச்சாறு கலந்திருக்கலாம். ஆகவே, பொதியின்மேல் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலை முழுவதும் படித்தபின்னரே வாங்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் இதனைப் படித்துத் தமிழில் விளக்கலாம். தமிழ்ப் பள்ளியிற் பயிலும் மாணவருக்கு இதனினும் பயனுள்ள மொழிபெயர்ப்புப் பயிற்சி வேறில்லை.

'ஒரு துளிதானே, தெரியவா போகிறது' என்று எண்ணி மச்சம் கலந்ததைச் சைவம் எனப் பரிமாறுதல் பெரும் பிழையாகும். நோன்பிருக்கும் மூதாட்டியாயினும், கொள்கைக்காகப் புலால் துறந்த சிறுவனாயினும், நம் கையால் கொடுப்பதை ஐயமின்றி வாங்கி உண்கின்றனர். அந்த நம்பிக்கை சுவையினும் பெரிது. மச்சக் கறியும் அதே நாளில் சமைக்கப்படுமாயின், சைவக் கறியை முதலில் ஆக்கி, அதற்கெனத் தனி அகப்பையை வைத்தல் வேண்டும்.

மச்சக் கறியை உண்போர் அதனை விட்டுவிடவேண்டும் என்பது எம் வாதம் அன்று. உண்ணாதவர் நம் மேசையில் குறைவுற்றவராய் இருத்தலாகாது என்பதே நாம் கூறவிரும்புவது. அடுத்த விடுமுறை நாளுக்கு முன்னிரவில், நான்கு உலர்ந்த காளான்களை நீரில் ஊறப்போடும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். காலையில் புட்டைக் கொத்தும் வேலையைப் பாட்டியார் கற்றுக்கொடுக்கட்டும். கறி ஒன்றாக இருக்கும். உண்போர் எல்லோரும் ஒருங்கே அமர்வர்.